கராஜ் தரைப் பூச்சு ஓரத்தில்தான் தோற்கிறது

கேள்வி: டொராண்டோவுக்கு வடக்கே மார்க்கமில் ஏறக்குறைய 20 ஆண்டு பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். இரண்டு கார் நிற்கும் கராஜ். முந்தைய உரிமையாளர் அடித்த சாம்பல் நிறப் பூச்சு சுவரோரத்திலும் கதவடியிலும் செதில் செதிலாக உரிகிறது. நடுத்தரையில் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. கடையில் பெட்டியாக விற்கும் எபாக்சியை (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பிசின் பூச்சு) வாங்கி அதன் மேலேயே பூசிவிடலாமா? சுவரோரத்தையும் கதவோரத்தையும், சுவருக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குத் தெரிகிற கான்கிரீட்டையும் எப்படி முடிப்பது?

பதில்:

மேலேயே பூச வேண்டாம். புதுப் பூச்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது பிடித்துக்கொள்வது பழைய பூச்சைத்தான். பழையது தரையை விடும் நாளில் புதியதும் சேர்ந்து கிளம்பிவிடும். ஒன்டாரியோவில் தரைப் பூச்சு வேலை செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உரிந்துபோன கராஜ்களில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நீங்கள் சொல்வதைப் போலவே ஓரத்தில் தொடங்கியவை. நடுத்தரையை இயந்திரம் தேய்த்துவிடுகிறது. ஓரம் கைவேலை. அந்தக் கைவேலையை மிச்சம் பிடித்தவர்களின் தரை ஓரத்திலிருந்து வாயைத் திறக்கிறது.

முதலில் ஒன்று செய்யுங்கள். உரிந்து கிடக்கும் செதில் ஒன்றை எடுத்துத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கம் வழவழப்பாகச் சுத்தமாக இருந்தால், பூச்சு கான்கிரீட்டைப் பிடிக்கவே இல்லை, தேய்க்காமல் அடித்திருக்கிறார்கள். அடியில் மெல்லிய சாம்பல் தூள் ஒட்டியிருந்தால், பூச்சு பிடித்திருக்கிறது, கான்கிரீட்டின் மேல்தோல்தான் பலமில்லாமல் பெயர்ந்து வந்திருக்கிறது. கதவடிச் செதில்களில் இதைத்தான் அதிகம் எதிர்பார்க்கிறேன். அடிப்பக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ ஈரம் இருந்தாலோ அது மூன்றாவது வகை, அதுதான் கவலைப்பட வேண்டியது. சுவரோரச் செதில், கதவடிச் செதில், சக்கரம் நிற்கும் இடத்துச் செதில் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே தரையில் மூன்று இடத்துக்கும் மூன்று காரணம் இருக்கலாம்.

கதவடி ஏன் தனி? குளிர்காலத்தில் காரின் அடியில் ஒட்டி வரும் பனிக்கூழ் கராஜுக்குள் உருகுகிறது. தரையைக் கதவை நோக்கிச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். சாலையில் தூவிய உப்பைக் கரைத்துக்கொண்டு அந்த நீர் முழுவதும் கதவு ரப்பரின் அடியில் வந்து தேங்குகிறது. கராஜின் மிகக் குளிரான இடமும் அதுதான். உறைவதும் உருகுவதும் மாறி மாறி நடந்து மேல்தோலை அரிக்கிறது. கனடாவில் இதற்காகவே கராஜ் தரைக் கான்கிரீட் 32 மெகாபாஸ்கல் வலிமையும், 5 முதல் 8 விழுக்காடு நுண்காற்றுக் குமிழ்களும் கொண்டிருக்க வேண்டும் என்று வீட்டுக் கட்டட விதி கேட்கிறது. உறையும் நீர் விரிவதற்கு அந்தக் குமிழ்கள் இடம் தருகின்றன. ஆனால் போட்ட அன்று மேலே தண்ணீர் தெளித்து அதிகமாகக் கரண்டியால் இழைத்திருந்தால், உள்ளே நல்ல கான்கிரீட்டும் மேலே பலமற்ற ஒரு தோலுமாகத் தரை அமைந்துவிடும். அந்தத் தோலைத் தேய்த்து எடுக்காமல் எந்தப் பூச்சும் நிற்காது.

அடுத்தது ஈரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடிப் பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விட்டுவிட்டு எடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது. நடுவில் ஒன்று, பின்சுவரோரம் ஒன்று, மண் மட்டம் உயர்ந்திருக்கும் பக்கத்தில் ஒன்று எனப் பல இடங்களில் ஒட்ட வேண்டும். வெளியே கூரைத் தண்ணீர் விழும் குழாய் சுவரோரத்திலேயே கொட்டுகிறதா என்றும் பாருங்கள். கொட்டினால் முதல் செலவு அந்தக் குழாயை நீட்டுவதற்குத்தான். தாள் சோதனை ஈரம் காட்டினால் எபாக்சி யோசனையை ஒத்திவையுங்கள். ஈரம் தாங்கும் சிறப்புப் பிரைமர்கள் (அடிப்பூச்சுகள்) உண்டு, விலையும் உண்டு. என்னைக் கேட்டால், அப்படிப்பட்ட தரைக்குக் கான்கிரீட்டுக்குள் ஊறி நீரை விலக்கும் சிலேன்-சிலாக்சேன் வகை சீலர் போதும். அது படலம் போடுவதில்லை, ஆகவே உரிவதற்கும் எதுவும் இல்லை. பளபளப்பு கிடைக்காது, உப்பு நீர் உள்ளே இறங்குவது வெகுவாகக் குறையும்.

ஈரம் இல்லையென்றால் தேய்ப்புக்கு வருவோம். நிறையப் பெட்டிகளில் அமிலத் தூள் ஒரு பொட்டலம் வைத்திருப்பார்கள். வெறும் கான்கிரீட்டில் அது ஓரளவு வேலை செய்யும். பழைய பூச்சும் எண்ணெயும் இருக்கும் தரையில் அமிலம் கான்கிரீட்டைத் தொடவே தொடாது. கழுவிய அமில நீர் சுவரோர இடுக்கில் இறங்கித் தங்குவது இன்னொரு தொல்லை. உங்களுக்கு வைரத் தட்டு பூட்டிய கிரைண்டர்தான் வழி. இயந்திர வாடகைக் கடைகளில் தள்ளிக்கொண்டு போகும் கிரைண்டரும் அதற்கேற்ற தூசி உறிஞ்சியும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். அதற்கு முன்பு எண்ணெய்க் கறைகளை டிகிரீசர் போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். எண்ணெயோடு தேய்த்தால் அதைத் தரை முழுக்கப் பரப்பியதாகிவிடும். தேய்த்து முடித்த தரை கைக்கு 80 எண் உப்புத்தாளைப் போல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். சந்தேகமான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளிழுத்துக்கொண்டால் சரி. முத்தாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெயோ சீலரோ இருக்கிறது.

தூசி விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கி ஆறாத நோயைத் தரும். அமெரிக்க வேலைத்தலப் பாதுகாப்பு விதி 8 மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் அளவு ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான்; கண்ணுக்குத் தெரியும் மூட்டம் அதைவிட எவ்வளவோ அதிகம். ஹெப்பா எனப்படும் நுண்தூசி வடிகட்டி உள்ள உறிஞ்சியும், முகத்தோடு பொருந்தும் பி100 தர நுண்தூசி முகமூடியும் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் போகும் கதவின் இடுக்குகளை டேப்பால் அடைத்துவிடுங்கள்.

இனி ஓரம். தள்ளும் கிரைண்டர் சுவரை ஒட்டி முழுதாக வராது. சில அங்குலப் பட்டை ஒன்று சுற்றிலும் மிஞ்சும். அதை 5 அங்குலக் கை கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் எனப்படும் கிண்ண வடிவ வைரச் சக்கரமும் தூசி மூடியும் போட்டுத் தேய்க்க வேண்டும். மூடியின் ஒரு பக்கம் திறக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், அப்போதுதான் சக்கரம் சுவர் வரை போகும். சுவரோடு சுவர் சேரும் மூலையில் வட்டச் சக்கரம் நுழையாது. ஒரு சிறு முக்கோணம் தப்பிவிடும். அதைக் கார்பைடு சுரண்டியாலோ தேய்ப்புக் கல்லாலோ கையால் தேயுங்கள். முழங்கால் வலிக்கும் வேலைதான். ஆனால் கராஜ் கழுவும்போது தண்ணீர் போய் ஒதுங்குவது அந்த மூலையில்தான், பூச்சு தூக்குவதும் அங்கேதான்.

சுவரும் தரையும் சேரும் கோட்டை உற்றுப் பாருங்கள். பல வீடுகளில் அங்கே கறுப்பான நார்ப் பலகை ஒன்று விளிம்பு மட்டும் தெரியும்படி நிற்கும். தரைப் பலகத்தையும் அடித்தளச் சுவரையும் பிரித்து வைத்திருக்கும் இடைவெளி அது. தரை தனி, சுவர் தனி. வெயிலுக்கும் பனிக்கும் இரண்டும் வெவ்வேறாக அசையும். அந்த இடைவெளியின் மேல் எபாக்சியைப் பாலம்போல் இழுத்துப் பூசினால் முதல் குளிர்காலத்திலேயே கோடாகப் பிளக்கும். பிளந்த வாயில் உப்பு நீர் இறங்கி இரு பக்கமும் படலத்தைத் தூக்கும். உங்கள் சுவரோர உரிதலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே நார்ப் பலகையின் மேல்பகுதியை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். தரையின் உதட்டில் பூச்சு சற்று உள்ளே இறங்கும்படி பூசுங்கள், சுவர்ப் பக்கத்திலும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். எல்லாப் பூச்சும் இறுகிய பிறகு இடுக்கில் பேக்கர் ராட் எனப்படும் நுரைக் கயிற்றை அழுத்தி வைத்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்புங்கள். சீலன்ட் அடியில் கயிற்றோடு ஒட்டாமல் இடுக்கின் இரு பக்கங்களோடு மட்டும் ஒட்டினால்தான் ரப்பராக இழுபடும், கயிறு அதற்காகத்தான். சிலிக்கோனை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். அது பட்ட இடத்தில் பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது. தரையின் நடுவே ரம்பத்தால் அறுத்த நேர்க்கோடுகளும் இருக்கும். கான்கிரீட் தாறுமாறாக விரியாமல் அந்தக் கோட்டில் விரியட்டும் என்று அறுத்தவை அவை. வளைந்து கொடுக்கும் பாலியூரியா நிரப்பி அவற்றுக்குப் பொருத்தம். தானாக ஓடிய விரிசலைக் கிரைண்டரால் சற்று அகலப்படுத்தி, தூசியை உறிஞ்சிவிட்டு நிரப்ப வேண்டும்.

சுவரடியில் தெரிகிற ஒரு சாண் கான்கிரீட்டையும் பூசத்தான் வேண்டும் என்பது என் கருத்து. தரையைப் பூசி அதை விட்டுவிட்டால் உப்பு நீர் தெறித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்து, புதுத் தரையையே அழுக்காகக் காட்டும். செங்குத்தான பரப்பில் எபாக்சி வழியும் என்பதுதான் சிக்கல். கலந்த எபாக்சியில் ஃபியூம்டு சிலிக்கா என்ற வெண்பொடியைச் சேர்த்துத் தூரிகையிலிருந்து வழியாத பதத்துக்குக் கெட்டியாக்குங்கள். பொடி பஞ்சைவிட லேசாகப் பறக்கும், முகமூடி அவசியம். தடிமனாக ஒரு முறை பூசுவதைவிட மெல்லியதாக இரு முறை பூசுவது நல்லது. தரைக்கு முன்பே சுவரடியைப் பூசிவிட்டால் சொட்டுகள் தரைப் பூச்சுக்கு அடியில் மறைந்துவிடும். மேல் விளிம்புக்கு டேப் ஒட்டி நேர்க்கோடு எடுங்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும், இறுகிய பிறகு இழுத்தால் விளிம்பு பிய்யும். சுவர்ப் பலகைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இடுக்குத் தெரிந்தால் அதையும் சீலன்டால் அடையுங்கள். வாகனப் புகை வீட்டுக்குள் கசியாதபடி கராஜ் சுவர் அடைபட்டிருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோவின் கட்டட விதி. எப்படியும் அங்கே மண்டியிட்டு இருப்பீர்கள், அதையும் முடித்துவிடலாம்.

கதவோரத்துக்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கதவு மூடியிருக்கும்போது அடி ரப்பர் படும் இடத்தைச் சாக்பீசால் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பரின் அகலத்துக்கு நடுவே பூச்சு முடிய வேண்டும். அதற்கு வெளியே போனால் வெயில் பட்டு எபாக்சி மஞ்சளிக்கும். உள்ளேயே முடிந்தால் மூடிய கதவுக்கு முன் வெறும் கான்கிரீட் பட்டை ஒன்று தெரியும். குறித்த கோட்டில் டைமண்ட் பிளேடால் கால் அங்குல அகலமும் கால் அங்குல ஆழமும் கொண்ட பள்ளம் ஒன்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அறுங்கள். தரைப் பூச்சு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நிறைந்து முடியட்டும். அப்போது விளிம்பு மெல்லியதாகத் தேய்ந்து தரைமேல் நிற்காது. தடித்த வேராகக் கான்கிரீட்டுக்குள் பதிந்திருக்கும். பனிமண் வாரும் கரண்டி உரசினாலும் நெம்பித் தூக்க அதற்கு விளிம்பு கிடைக்காது. தரையில் வடிகால் குழி இருந்தால் அதைச் சுற்றியும் இதே போல் அறுத்துவிடுங்கள். கதவடியில் மேல்தோல் பெயர்ந்து குழி குழியாக இருந்தால், பலமான கான்கிரீட் வரும்வரை தேய்த்து, பிறகு எபாக்சியும் உலர்ந்த மணலும் கலந்த சாந்தால் மட்டம் செய்த பிறகே இந்தப் பள்ளம்.

எந்தப் பூச்சு? பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பரப்பளவை வைத்தே தரத்தைக் கணக்கிடலாம். 1 லிட்டர் திரவம் 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தடிமனாக நிற்கும். ஏழரை லிட்டர் டப்பா 45 சதுர மீட்டருக்குப் போதும் என்று எழுதியிருந்தால் ஈரப் படலம் 170 மைக்ரான் (1 மில்லிமீட்டர் என்பது 1,000 மைக்ரான்) அளவுதான் வரும். அது நீர் கலந்த வகையாக இருந்து பாதி ஆவியாகிப் போனால் மிஞ்சுவது 85 மைக்ரான். காரின் சூடான டயருக்கு அது போதாது. நெடுஞ்சாலையில் ஓடிவந்த டயர் சூட்டோடு பூச்சின் மேல் நின்று, ஆறும்போது சுருங்கி, பிடிப்பில்லாத படலத்தை அப்படியே பிய்த்துக்கொண்டு கிளம்பும். நூறு விழுக்காடு திடப்பொருள் கொண்ட எபாக்சியைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஆவியாகிப் போக எதுவும் இல்லை. 6 மீட்டருக்கு 6 மீட்டர் கராஜ் 36 சதுர மீட்டர். 250 மைக்ரான் தடிமனுக்கு 9 லிட்டர். மூன்று சுவரடியும் சேர்ந்து இன்னும் மூன்றரை சதுர மீட்டர் வரும். தேய்த்த கான்கிரீட் கொஞ்சம் குடிக்கும், பள்ளம் கொஞ்சம் குடிக்கும். 11 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். பிரைமர் தனி, மேல்பூச்சும் தனி.

நேரமும் வானிலையும் இந்த ஊரில் பெரிய விஷயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். தரையின் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் சாதாரண எபாக்சி இறுகத் திணறும். காற்று சுட்டாலும் தரை குளிர்ந்தே கிடக்கலாம், ஆகவே தரையை அளவுமானியால் பாருங்கள். காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும் பனிநிலையைவிடத் தரை குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். ஜூலையின் புழுக்கமான காலைகளில் கராஜ் தரை வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள்; அந்த நேரத்தில் பூசினால் மேலே மெழுகுபோல் ஒரு படிவு வரும், அடுத்த பூச்சு அதன்மேல் ஒட்டாது. பிரைமரைத் தரை சூடேறும் முற்பகலில் பூசாதீர்கள். நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து கொப்புளமாக வெளியேறும். வெயில் தாழ்ந்து தரை ஆறத் தொடங்கும்போது பூசினால் அதே காற்று சுருங்கிப் பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கலந்த எபாக்சியை வாளியில் வைத்துக்கொண்டு ஓரம் தீட்டிக்கொண்டிருக்காதீர்கள். ரெசினும் ஹார்டனரும் சேர்ந்தால் சூடு பிறக்கும். வாளியில் குவிந்திருந்தால் சூடு கூடிக்கூடி அரை மணிக்குள் புகைந்து கல்லாகிவிடும். ஓரத்துக்கு மட்டும் சிறு அளவு தனியாகக் கலந்து ஒருவர் தூரிகையோடு சுவரைச் சுற்றி முன்னே போகட்டும். இன்னொருவர் அடுத்த வாளியைக் கலந்தவுடன் தரையில் நாடாவாக நீளமாக ஊற்றி, பல் வெட்டிய ரப்பர் வாரியால் இழுத்து, ரோலரால் குறுக்கே உருட்டிச் சமன் செய்யட்டும். ஓரம் ஈரமாக இருக்கும்போதே தரைப் பூச்சு அதில் போய்க் கலக்க வேண்டும். ஓரத்தை இன்றைக்கும் தரையை நாளைக்கும் பூசினால் சுற்றிலும் சட்டம் போட்டதுபோல் ஒரு தழும்பு நிரந்தரமாகத் தெரியும். ஈரத்தின் மேல் நடக்க ஆணி அடித்த காலணி வேண்டும். வாளியின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி ஊற்றாதீர்கள். சரியாகக் கலக்காத அந்த மிச்சம் இறுகாமல் பிசுபிசுத்தே கிடக்கும்.

அழகுக்காக ஈரப் பூச்சின் மேல் வண்ணச் செதில் தூவுவதாக இருந்தால் கையை மேல்நோக்கி வீசி, தானாக விழும்படி விடுங்கள். சுவரடிக்குக் குனிந்து பக்கவாட்டில் எறிய வேண்டும். மறுநாள் ஒட்டாததைப் பெருக்கி, நிமிர்ந்து நிற்பவற்றைச் சுரண்டி, உறிஞ்சிவிட்டு மேல்பூச்சு. அதற்கு வெயிலில் மஞ்சளிக்காத அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் அல்லது பாலியாஸ்பார்ட்டிக் வேண்டும். பாலியாஸ்பார்ட்டிக் வேகமாக இறுகும், பழக்கமில்லாத கைக்கு அவகாசம் தராது. முதல் முறை செய்பவருக்கு மெதுவாக இறுகும் பாலியூரித்தேனைத்தான் சொல்வேன். இரண்டிலும் மூச்சுக்குக் கெடுதியான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, நைட்ரைல் கையுறையும் ஏற்ற முகமூடியும் கட்டாயம். கராஜிலோ அடுத்த அறையிலோ எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கொதிகலன் இருந்தால் கரைப்பான் கலந்த எதையும் திறப்பதற்கு முன் அதன் சுடரை அணைத்துவிடுங்கள். வீட்டுக்குள் ஏறும் படியிலும், பனிக்கூழ் சொட்டும் பாதையிலும் மேல்பூச்சில் அலுமினியம் ஆக்சைடு மணல் சேர்ப்பது முதியவர்கள் இருக்கும் வீட்டில் அவசியம்.

முடித்த இரவில் கதவை ரப்பர் தரையில் படும்படி இறக்காதீர்கள், பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். அடியில் மரத்துண்டு வைத்து இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஒரு நாள் கழித்து நடக்கலாம். காரை ஒரு வாரம் வெளியே நிறுத்துங்கள்.

இதெல்லாம் நம்மால் ஆகாது என்று ஆளை அழைப்பதானால், விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சுவரோரப் பட்டையை எதைக் கொண்டு தேய்ப்பீர்கள், கதவடியில் பூச்சு எந்த இடத்தில் எப்படி முடியும், சுவர் இடுக்கை எதனால் நிரப்புவீர்கள். பதிலைச் சதுர அடிக் கணக்கோடு சேர்த்து எழுத்தில் வாங்குங்கள், சுவரடிக் கான்கிரீட் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு.